ஜன்னலோர மேஜை

ஓட்டல் வாசலில் கரடி வேஷம் போட்ட ஆள் ஒருவர், வருகிறவர் போகிறவரையெல்லாம் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். துரை அவருக்கும் ஒரு விசிட்டிங் கார்டு கொடுத்தான்.

துரை என்பது அவன் பெயரல்ல. ஆபீஸில் வைத்த பட்டம். மரியாதைக்காக வைத்ததும் அல்ல. குழாய் விற்கும் கம்பெனியில் வேலை. கார்டில் மட்டும் ‘மண்டலத் தலைமை ஆலோசகர்’ என்று பொன்னெழுத்து மின்னும். மண்டலம் என்பது அவனும் ஒரு மேஜையும்.

பெட்டியோடு பக்கத்தில் நின்ற புது மனைவி சிரிப்பை அடக்கினாள். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள் அவள். எதையும் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் பேசுவாள்.

“கரடிக்கு எதுக்குங்க குழாய்?”

“தொடர்பு முக்கியம்மா. உனக்குப் புரியாது.”

இந்தத் தேனிலவை அவன் படையெடுப்புப்போலத் திட்டமிட்டிருந்தான். பொம்மைக் கோட்டையும் ராட்டினங்களுமாக இருக்கிற அந்தப் பூங்காவில் தங்க அறை கிடைப்பதே பெரும்பாடு. கோட்டைக்குள் இருக்கும் சாப்பாட்டுக் கூடத்தில் ஜன்னலோரம் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு அவளிடம் வாக்குக் கொடுத்திருந்தான்: “உன்னை அந்த ஜன்னலோரம் உட்கார வைக்கலைன்னா என்னை மனுஷனாவே மதிக்காத.”

அதற்கு ஒரு தந்திரமும் வைத்திருந்தான். இரண்டு பேர் என்று பதிந்தால் தூணுக்குப் பின்னால், சமையலறைக் கதவு முதுகில் இடிக்கிற இடத்தில், குட்டி மேஜை ஒன்றைத் தள்ளிவிடுவார்கள். மூன்று பேர் என்றால் பெரிய மேஜை, அதெல்லாம் ஜன்னலோரம். அறையும் அப்படியே: மூன்று பேருக்கென்றால் கோட்டை தெரியும் மூலை அறை. கடைசி நேரத்தில் மூன்றாவது ஆள் வரவில்லை என்று சொல்லிவிட்டால் யார் என்ன செய்ய முடியும்?

போனில் பதிவு செய்த பெண், “மூணாவது யாரு சார்?” என்று கேட்டாள்.

துரை வீட்டுக்கு ஒரே பிள்ளை. ஆனாலும் நாக்கு கொஞ்சமும் தயங்கவில்லை.

“என் அண்ணன்.”

“தேனிலவுக்கா சார்?”

“அவர் இல்லாம நாங்க எதுவும் செய்யறதில்லை. கண்டிப்பா வருவாரு.”

சொன்ன வாக்கியம் அவனுக்கே பிடித்துப்போய்விட்டது. நண்பர்களிடம் அதை நடித்துக் காட்டி, கைதட்டலும் வாங்கியிருந்தான்.

வரவேற்பு மேஜைப் பெண் இரண்டு கைப்பட்டைகளை எடுத்து வைத்தாள். மணிக்கட்டில் கட்டிக்கொண்டால் பச்சையாக ஒளிரும். அறைக் கதவிலிருந்து ராட்டினம் வரை எல்லாம் அதற்குத்தான் திறக்கும்.

துரை தொண்டையைச் செருமினான். “மூணு இருக்கணுமே? அண்ணன் வர முடியலை, அது வேற விஷயம்...”

“வந்துட்டாரே சார். முன்னாடியே வந்து அவர் பட்டையை வாங்கிட்டு மேலே போயிட்டாரு.”

யாரோ ஒருவருடைய அண்ணனை இவன் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். துரைக்கு அப்படித்தான் பட்டது. அவர்கள் தவறு, நமக்கு லாபம். லிஃப்டில் மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தான்.

மூலை அறை விசாலமாகத்தான் இருந்தது. ஜன்னலில் கோட்டை தெரிந்தது. பெரிய கட்டிலுக்குக் காலடியில் ஒற்றைக் கட்டில் ஒன்று. அதன் விரிப்பின் நடுவில் பள்ளம்.

“யாரோ படுத்து எழுந்த மாதிரி இருக்கு,” என்றாள் மனைவி. மூக்கைச் சுருக்கினாள். “என்ன வாசனைங்க இது? பால் திரிஞ்ச மாதிரி.”

துரை ஜன்னலைத் திறந்தான். விரிப்பை அவனே நீவிச் சரி செய்தான். குளியலறையைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது பள்ளம் மறுபடி இருந்தது.

தலைமை ஆலோசகர்கள் மெத்தையைப் பார்த்துப் பயப்படுவதில்லை.

மதியம் பூங்காவுக்குப் போனார்கள். வெளியே வெயில் கொளுத்தியது. குகைக்குள் படகுச் சவாரி இருந்தது; படகுக்கு ஒரே வரிசை, மூன்று இருக்கை. துரை ஓர் ஓரம், நடுவில் மனைவி. அவளுக்கு அந்தப் பக்கம் காலி.

குகை வாய் மூடியதும் இருட்டு. இருட்டென்றால், கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான் என்கிற இருட்டு. தண்ணீர் படகின் அடியை நக்கும் சத்தம். எங்கோ பொம்மைகள் கிறீச்சென்று சிரித்தன. பிறகு சிரிப்பும் நின்றது. துரை போனை உயர்த்திப் பிடித்து, ஒன்றுமே தெரியாத திரையில் ஒன்றுமில்லாததைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

திரிந்த பாலின் வாசனை வந்தது.

படகு அந்தப் பக்கம் மெல்லச் சாய்ந்தது, யாரோ நகர்ந்து உட்கார்ந்ததுபோல.

வெளிச்சத்துக்கு வந்ததும் மனைவி உள்ளங்கையைச் சேலையில் தேய்த்துக்கொண்டாள். “கையை ஏங்க ஐஸ் மாதிரி வச்சிருந்தீங்க? விடவும் மாட்டேன்னுட்டீங்க.”

“நான் ரெண்டு கையாலயும் வீடியோ எடுத்துட்டிருந்தேன்.”

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு தனக்கு அந்தப் பக்கம் இருந்த காலி இருக்கையைப் பார்த்தாள்.

அது நனைந்திருந்தது.

அப்போதுதான் துரைக்கு அம்மாவின் குரலைக் கேட்க வேண்டும்போல் இருந்தது. பயத்தால் அல்ல என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ராட்டினத்தடியில் நின்று போன் செய்தான்.

“எல்லாம் சௌகரியம்மா. எனக்கு ஒரு அண்ணன் இருக்கான்னு அடிச்சுவிட்டுத்தான் இடமே பிடிச்சேன்!”

அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

“யாருடா சொன்னா உனக்கு?”

“என்னத்தைம்மா?”

“உனக்கு முன்னாடி ஒருத்தன் பொறந்தான்டா. வாயில ஒரு சொட்டுப் பால் படறதுக்குள்ள போயிட்டான்.” அம்மா மூச்சு வாங்கினாள். “வீட்ல யாரும் அவன் பேச்சை எடுக்கக் கூடாதுன்னு வச்சிருந்தேன். நீ கூப்பிட்டுட்டியா?”

“அம்மா...”

“சாப்பிட்டானாடா?” அந்தக் குரலில் அழுகை இல்லை. ஆவல் இருந்தது. “பாவம், பசியோட போனவன்டா.”

பக்கத்தில் நின்ற மனைவிக்கு எல்லாம் கேட்டிருந்தது. அவன் சட்டைக் கையைப் பிடித்தாள்.

“என்னங்க, வீட்டுக்குப் போயிடலாம். இப்பவே.”

போயிருக்கலாம். பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

“ஜன்னலோர டேபிள்மா!” என்றான் துரை. “ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். போட்டோ இல்லாம திரும்பினா என்னை என்னன்னு நினைப்பாங்க? அந்த மூணாவது ஆளை எடுக்கச் சொல்லிட்டா முடிஞ்சுது. நீ போய் டேபிளைப் பிடி. நான் ஒரே ஓட்டத்துல வந்துடறேன்.”

“தனியாவா?”

“கூட்டம் நிறைஞ்ச இடம்மா அது. யாரு உன்னைத் தூக்கிட்டுப் போகப் போறா?”

அவள் தயங்கித் தயங்கித்தான் போனாள். கோட்டை வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

வரவேற்பு மேஜையில் அவனுக்குப் பின்னால் நீண்ட வரிசை. இத்தனை பேர் காதில் பேயைப் பற்றிப் பேசுவது கௌரவக் குறைச்சல். துரை குரலைத் தாழ்த்தினான்.

“மூணை ரெண்டாக்கிடுங்க.”

“யாரை எடுக்கணும் சார்?”

பின்னால் ஒருவர் சலித்துக்கொண்டார். துரைக்குக் காது சிவந்தது. “இது தேனிலவும்மா. சேர்ந்து சாப்பிட உட்கார்ந்திருக்கிற ஜோடியை விட்டுட்டு, வெளியே நிக்கிறவனை எடுத்துடுங்க. இதையெல்லாம் விளக்கிச் சொல்லணுமா?”

அவள் விரல்கள் விசைப்பலகைமேல் நின்றன. கண்ணைச் சுருக்கி அவனைப் பார்த்தாள், தூசி படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல. பிறகு அவனுக்குப் பின்னால், கோட்டை இருக்கும் திசையைப் பார்த்தாள்.

“சரிங்க சார்,” என்றாள்.

அவனிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

மணிக்கட்டில் சின்னதாக ஒரு சத்தம். பச்சை ஒளி அணைந்தது.

சார்ஜ் போயிருக்கும். பட்டையைத் தட்டிப் பார்த்துக்கொண்டே கோட்டைக்கு நடந்தான். கரடி எதிரே வந்தது. கட்டிப்பிடிக்கக் கையை விரித்த கரடி, அவனைத் தாண்டிப் போய் அவனுக்குப் பின்னால் வந்தவரைக் கட்டிப்பிடித்தது.

சாப்பாட்டுக் கூடத்தின் கதவு அவனுக்குத் திறக்கவில்லை. வாசலில் நின்ற பணியாளிடம் பேசினான். பணியாள் கொட்டாவி விட்டான். துரை கத்தினான்.

யாரும் திரும்பவில்லை.

சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து நீட்டினான். அதில் எழுத்தே இல்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டு கோட்டையைச் சுற்றி ஓடினான். பக்கவாட்டில் அந்தப் பெரிய ஜன்னல். கடைசியில் அவனுக்கும் ஜன்னலோரம்தான் கிடைத்தது.

வெளிப்பக்கம்.

உள்ளே மனைவி உட்கார்ந்திருந்தாள். முகத்தில் பயத்தின் சுவடில்லை. எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்து, வெட்கப்பட்டு, என்னவோ சொல்லிச் சிரித்தாள். நாற்காலியின் மெத்தை அமுங்கியிருந்தது. பணியாள் அதன் முன்னால் ஒரு தட்டை வைத்து, ஒரு கோப்பைப் பாலும் வைத்தான். அவர்கள் பக்கத்தில் மிச்சமாக இருந்த மூன்றாவது நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனான்.

துரை கண்ணாடியில் அறைந்தான். சத்தம் வரவில்லை. அவள் தலை உயர்ந்தது. ஊரார் கண்களையெல்லாம் சோதிக்கிற அந்தக் கண்கள் அவன் முகத்தின் மேலேயே வந்து நின்றன.

அவள் அவனுக்குப் பின்னால் இருந்த கோட்டை மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது முறையும் பார்த்தாள். பிறகு திரும்பிக்கொண்டாள்.

மேஜைமேல் அவள் போன் ஒளிர்ந்தது. அம்மா, வீடியோவில். மனைவி போனைக் காலி நாற்காலிப் பக்கம் திருப்பிப் பிடித்தாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உதடசைவிலேயே புரிந்தது: “சாப்பிடுடா கண்ணு. நல்லா சாப்பிடு.”

நாற்காலிக்கு நேராக, கண்ணாடியின் உட்புறம், மெல்ல ஆவி படிந்தது. யாரோ மூச்சு விடும் அளவுக்கு.

துரையும் கண்ணாடியருகே முகத்தை வைத்து ஊதினான்.

ஒன்றும் படியவில்லை.

கோப்பையில் பால் குறைந்துகொண்டே போனது. அந்த வாசனை மறுபடி வந்தது. எங்கிருந்து என்று சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு தன் கையை முகர்ந்தான்.

அவனிடமிருந்துதான்.

அவனுக்குப் பசித்தது.