சோறு சாப்பிட்டாச்சா, அண்ணி?

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நாத்தனார் யின்ஜூ வழக்கம்போலக் குரல் கொடுத்தாள். "சோறு சாப்பிட்டாச்சா, அண்ணி?"

"இன்னும் இல்ல" என்று பதில் போனது.

குய்ரோங் அப்போது அடுப்படியில் நின்று, காய்ந்த இலந்தைப் பழம் ஒன்றை வாய்க்குள் அதக்கிக்கொண்டிருந்தாள். உதடு மூடியிருந்தது. நாக்கு கொட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தது. அவள் பேசவே இல்லை.

மதிலுக்கு அப்பால் யின்ஜூ சிரித்தாள். "அடேயப்பா! இன்னிக்கு உண்மையெல்லாம் வருதே! உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அந்த ஊரில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. வயிறு ஒட்டிக் கிடந்தாலும் சரி, உலை அப்போதுதான் கொதித்தாலும் சரி, 'ஆச்சு' என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கவேண்டும். 'இல்லை' என்று சொன்னால், கேட்ட பாவத்துக்கு அவர்கள் கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டாக வேண்டுமே! அந்தத் தர்மசங்கடத்தை யாரும் யாருக்கும் கொடுப்பதில்லை. குய்ரோங்கும் பேச்சு வந்த வயதிலிருந்து 'ஆச்சு' சொல்லியே வளர்ந்தவள்தான்.

வீட்டில் வேறு ஆள் கிடையாது. புருஷன் லாரி எடுத்துக்கொண்டு லாசா பக்கம் போயிருந்தான். மகள் சியாவ்மான் பள்ளி விடுதியில் இருந்தாள். சிங்செங் மலையிலிருந்து இறங்கிய பனிமூட்டம் முற்றத்தை அடைத்துக்கொண்டு நின்றது. ஓட்டு விளிம்பில் மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது, ஊறுகாய்ச் சாடிகளின் மூடியிலிருந்து புளித்த வாடை வந்தது. அந்தச் சத்தத்துக்கும் வாடைக்கும் நடுவே அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு யோசித்துப் பார்த்தாள். குரல் என்னவோ அவளுடையதுதான். ஆனால் வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பேசினால் வருகிற மாதிரி ஈரமாக, கொழகொழவென்று இருந்தது. அது வந்த இடம் தொண்டை இல்லை. மேலாடை நாடா கட்டியிருந்த இடத்துக்குக் கீழே, அடிவயிற்றில், அந்த ரெண்டு சொல்லும் அதிர்ந்தது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

அவள் பயந்தாள். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே பயந்தாள். ஆனால் பயந்ததும் அவளுக்குக் கோபம் வரும். அது அவள் சுபாவம்.

"கேட்டுச்சா உங்களுக்கு? நல்லாப் பசிக்குதா?" என்று தன் வயிற்றைப் பார்த்தே கேட்டாள். "பசிக்கட்டும்."

குய்ரோங்கின் அம்மா வயிறு வீங்கிச் செத்தாள். பெரியக்காவும் அப்படியேதான். சின்னக்கா போனபோது அவள் வயிறு தாடையைத் தொடுகிற மாதிரி ஏறி நின்றது. மூன்று பேரும் ஏறக்குறைய ஒரே வயது. அந்த வயது குய்ரோங்குக்கு நெருங்கிக்கொண்டிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் எல்லா சோதனையும் செய்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். அக்காக்களுக்கும் முதலில் அதைத்தான் சொன்னார்கள். அதற்கப்புறம்தான் அவள் மலையேறி மடத்துத் துறவியம்மாவைப் பார்த்தாள்.

துறவியம்மா நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொல்கிற மாதிரி சொன்னாள். "பிறக்கும்போதே மூணு பேர் நம்மகூடக் குடிவந்துடறாங்க. ஒருத்தன் தலையில, ஒருத்தன் நெஞ்சுல, ஒருத்தன் அடிவயித்துல. வாடகை கிடையாது. நீ திங்கிற தானியத்துலதான் அவங்க பிழைப்பு. தின்னுட்டு, அறுபது நாளைக்கு ஒருதரம் ராத்திரி நீ தூங்குறப்ப மேல போய் உன்னைப் பத்திக் கோள் சொல்லி உன் ஆயுசைக் குறைப்பாங்க. நீ செத்தா அவங்களுக்கு விடுதலை. படையல் சோத்தைத் தின்னுக்கிட்டு இஷ்டத்துக்குச் சுத்தலாம் பாரு."

"எல்லாருக்கும் உண்டா?"

"எல்லாருக்கும்தான். உங்க வம்சத்துல இருக்கறவங்களுக்குப் பசி கொஞ்சம் ஜாஸ்தி."

"என் பொண்ணுக்கு?"

"முதல்ல உன்னைப் பாரு" என்றாள் துறவியம்மா. "அரிசி, தினை, கோதுமை, சோளம், பயறு, அஞ்சையும் விடணும். சோறுங்கறது மண்ணு நம்மளைக் கட்டிவச்சிருக்கற கயிறு. அதை அறுத்தா அவங்க தவிச்சுப் போவாங்க. முதல்ல கெஞ்சுவாங்க. அப்புறம் ஏசுவாங்க. கடைசியில மூட்டை கட்டிக்கிட்டு வெளியேறுவாங்க. வெளியேறின அன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள சோறு கிடைக்கலேன்னா செத்தாங்க. ஆனா ஒண்ணு. அன்னிக்கு உன் வீட்டுல யாரையும் சாப்பிட வான்னு கூப்பிட்டுராத. கூப்பிட்ட வார்த்தை யார் காதுல விழுதோ அவங்க எல்லாருமே விருந்தாளிதான்."

"நான் சாகமாட்டேன் தாயே" என்றாள் குய்ரோங். "எனக்கு வளர்க்கறதுக்கு ஒரு பொண்ணு இருக்கா. அவனுங்க சாகட்டும்."

அன்றிலிருந்து இலந்தை, அக்ரூட், பைன் கொட்டை, மலைக்கிழங்கு, வெந்நீர். அரிசிப் பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

கஷ்டம் என்னவென்றால், மதிலை ஒட்டியே யின்ஜூவின் சாப்பாட்டுக் கடை. மலைக்கு வருகிற கூட்டத்துக்காக மரத்தொட்டியில் நாள் முழுக்கச் சோறு ஆவியில் வெந்துகொண்டிருக்கும். அந்த ஆவி மதிலேறி வந்து, ஈரச்சுவர் வழியாகவும் ஜன்னல் இடுக்கு வழியாகவும் நுழைந்து, தலையணை உறையிலும் துண்டிலும் அவள் தலைமுடியிலும்கூட அந்த இளஞ்சூட்டு வாசனையை ஏற்றிவிட்டுப் போகும். யின்ஜூ நல்லவள்தான், வாய்தான் சும்மா இருக்காது.

"காத்தைக் குடிச்சுப் பறக்கப் போறீங்களாமே? பறக்கறப்ப ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணி, கொடியில கிடக்கற துணியை எடுத்துடறேன்."

"உன் தலைமேலதான் முதல்ல இறங்குவேன், போடி!"

"இறங்குங்க. இறங்கறதுக்கு உடம்புல எடை வேணுமே!"

இப்படிச் சிரித்துக்கொண்டேதான் இருந்தார்கள். ஆனால் அந்த 'இன்னும் இல்ல' அதற்குப் பிறகும் ஒவ்வொரு சாயங்காலமும் கேட்டது. குய்ரோங் முந்திக்கொண்டு 'ஆச்சு' என்று கத்திப் பார்த்தாள். அவளுடைய 'ஆச்சு'வின் மேலேயே அந்தக் கொழகொழப்பான குரல் ஏறி உட்கார்ந்துகொண்டது. யின்ஜூவின் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் சூடான சோற்றின் மேல் புகையில் வாட்டிய இறைச்சித் துண்டுகளை அடுக்கி, கிண்ணத்தை மதில்மேல் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டாள்.

குய்ரோங் அதைப் பார்க்கக்கூடாது என்று திரும்பி நின்று கிழங்கு நறுக்கினாள். கத்திச் சத்தம் நின்றுபோனது. ஏன் நின்றது என்று குனிந்து பார்த்தால், அவள் கையில் கத்தி இல்லை. சாப்பாட்டுக் குச்சிகள் இருந்தன. கால்கள் முற்றத்தில் இருந்தன. மழை முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. கிண்ணம் அவள் மோவாய்க்கு நேரே இருந்தது.

அப்போதுதான் நெஞ்சில் இருந்தவன் பேசினான். அவளுடைய அம்மாவின் குரலில் பேசினான். "குய்ரோங், ஒரு வாய்டா. ஒரே ஒரு வாய் அம்மாவுக்கு."

அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அம்மா கடைசியாகக் கிடந்தபோது கேட்ட அதே கெஞ்சல், அதே இழுவை. குச்சி சோற்றில் இறங்கியது.

"எங்கம்மாவா கேட்டா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "அன்னிக்கும் நீங்கதான்டா கேட்டீங்க. எங்கம்மா வாயால கேட்டீங்க. தட்டு தட்டாத் தின்னது நீங்க, வீங்கிச் செத்தது அவ." கிண்ணத்தோடு சேர்த்து முற்றத்தில் மேய்ந்த வாத்துகளுக்கு வீசினாள். "ஒரு பருக்கை கிடையாது. ஆடுங்க, பாடுங்க, உருளுங்க. கிடையாது!"

அதற்கப்புறம் ஏச்சுதான். மண்டைக்குள் இருந்தவன் நகத்தால் சுரண்டினான். அவர்கள் மேலே போய்க் கோள் சொல்கிற இரவு வந்தபோது அவள் கண்ணை மூடவே இல்லை. மிளகாயைக் கடித்துக்கொண்டு, முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு, விடியும்வரை நடந்துகொண்டே இருந்தாள். தூங்கினால்தானே போவார்கள்!

பிறகு ஒருநாள், மழை சாய்த்து அடித்த மத்தியானத்தில், எல்லாம் நின்றது.

மூக்கில் ஏதோ ஊர்ந்தது, ஒரு தும்மல் வந்தது. காதுக்குள் ஒரு கூச்சம். தொண்டையில் ஒரு கமறல். அவ்வளவுதான். அடுப்படித் தரையில் மூன்று வெள்ளைப் பருக்கைகள் கிடந்தன. அவள் வீட்டில் சோறு வடித்து எவ்வளவோ காலமாகிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றும் மெல்ல நெளிந்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சுவரோரமாக நகர்ந்தன. அவள் பாய்ந்து மிதிக்கப்போனாள். அதற்குள் அடுப்புக்கல்லின் இடுக்கில் நுழைந்துவிட்டன.

உடம்பு எவ்வளவு லேசாக இருந்தது! அவள் சிரித்தாள். உட்கார்ந்து அழுதாள். மறுபடி எழுந்து சிரித்தாள். இடுக்குக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "பொழுது சாயட்டும், மவனே. நான் இங்கயேதான் இருக்கேன்" என்றாள். வெளிச்சம் சாம்பல் நிறமாக மங்கிக்கொண்டு வந்தது. இன்னும் கொஞ்ச நேரம்தான்.

வாசல் கதவு திறந்தது.

"அம்மா! ஆத்துல வெள்ளம். பள்ளிக்கூடத்தை மூடி எங்களை அனுப்பிட்டாங்க!"

சியாவ்மான். தலையிலிருந்து கால்வரை சொட்டச்சொட்ட நனைந்து, பல் கிட்டித்து நின்றாள். வயல்களில் கதிர் பால் பிடிக்கிற நாளில் பிறந்தவள், அதனால் அந்த நாளின் பேரையே வைத்திருந்தார்கள். பெற்றவளுக்கு வேறெதுவும் நினைவில்லை. தாவி எழுந்தாள். ஊரில் எந்தத் தாயும் வாசலில் நிற்கிற பிள்ளையிடம் முதலில் சொல்கிற வார்த்தை அவள் வாயிலிருந்து தானாக வந்து விழுந்தது.

"வா வா கண்ணு, வந்து சோறு சாப்பிடு!"

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது.

அடுப்படி பக்கம் திரும்பினாள். முக்காலிக்குக் கீழே தரை வெறுமையாக இருந்தது. இடுக்கிலும் ஒன்றுமில்லை.

"அத்தை சோறு குடுத்து விட்டாங்கம்மா" என்றாள் சியாவ்மான். கையில் துணி சுற்றிய பானை ஒன்று இருந்தது. "நீ தினமும் 'இன்னும் இல்ல'ங்கறியாமே. பாவம் உங்கம்மா, கொண்டுபோய்க் குடுன்னாங்க." சொல்லிக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். புறங்கையால் காதைத் தேய்த்தாள். ஒருமுறை எச்சில் விழுங்கினாள்.

"அதைக் கீழ வை. சியாவ்மான், அந்தப் பானையைக் கீழ வை!"

பெண் கீழே வைத்தாள். பானைக்கு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். துணியை அவிழ்த்தாள். ஆவி அவள் முகத்தை மறைத்தது. கையை விட்டு அள்ளினாள். மெல்லவில்லை. விழுங்கினாள். மறுபடி அள்ளினாள். ரெண்டு கையாலும்.

"போதும்டா. விடு." குய்ரோங் கையைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பதிமூன்று வயதுக் கை அசையவில்லை.

"ஒரு வாய்டா, குய்ரோங்" என்றது மகளின் நெஞ்சு.

மகளின் கண்கள் அம்மாவையே பார்த்தன. உள்ளேயிருந்து பார்த்தது சியாவ்மான்தான். அழுதுகொண்டிருந்தாள். வாய் தின்றுகொண்டிருந்தது. ஈரச் சட்டைக்குக் கீழே வயிறு எழும்பிக்கொண்டு வந்தது.

குய்ரோங் பானையைப் பிடுங்கினாள். இந்தமுறை கோபம்தான் பிடுங்கியது. பானையை மடியில் இடுக்கிக்கொண்டு, சோற்றை அள்ளித் தன் வாயில் திணித்தாள். எவ்வளவோ காலம் கழித்து! நாக்கு இனித்தது. குமட்டியது. வாயை அகலத் திறந்து, வெந்த பருக்கைகள் தெரிய, மகளின் முகத்தோடு முகம் வைத்தாள்.

"கூப்பிட்டது நான்தானே? வீட்டுக்காரி நான். விருந்து இங்க. வாங்கடா!"

மகளின் மூக்கிலிருந்து ஒன்று வந்தது. காதிலிருந்து ஒன்று. வாயிலிருந்து ஒன்று. குய்ரோங்கின் உதட்டில் ஏறின. உள்ளே போயின. அவள் வாயை மூடவில்லை.

"எல்லாரும்" என்றாள்.

நாலாவதும் வந்தது. சின்னது, சியாவ்மானோடு பிறந்தது. இன்னும் சின்னதாக ஐந்தாவது. ஆறாவது.

அப்புறம்தான் விழுங்கினாள்.

சியாவ்மான் அவள் தோளில் சரிந்து தூங்கிப்போனாள். வயிறு ஒட்டியிருந்தது. மூச்சு சீராக வந்தது. கன்னத்தில் வெதுவெதுப்பு. குய்ரோங் பிள்ளையைத் தூக்கிப் பரணுக்குக் கீழிருந்த கட்டிலில் கிடத்தினாள். பானையை மழையில் கொட்டிவிட்டு வந்தாள். அவள் கை அந்தக் கொட்டின சோற்றை நோக்கி நீண்டது. மற்றக் கையால் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"ஒருமுறை பட்டினி போட்டவ நான்" என்று சொன்னாள். "மூணா இருந்தா என்ன, ஆறா இருந்தா என்ன."

மதிலுக்கு அந்தப் பக்கத்தில் செருப்புச் சத்தம் கேட்டது.

"சோறு சாப்பிட்டாச்சா, அண்ணி? குடுத்து விட்டேனே, போதுமா?"

குய்ரோங் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ரத்தம் உப்புக் கரித்தது. 'ஆச்சு'. அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லிவிட்டால் போதும்.

"இன்னும் இல்ல" என்றது அவள் தலை.

"இன்னும் இல்ல" என்றது நெஞ்சு. வயிறும் சொன்னது. அதற்குப் பிறகு, விலா எலும்புகளுக்கு நடுவிலிருந்து, கட்டிலில் தூங்குகிற தன் மகளின் குரலில், மூன்று முறை கேட்டது.

"ஐயையோ, பிள்ளையும் பட்டினியா!" என்றாள் யின்ஜூ. "இருங்க, தொட்டியோட கொண்டாறேன்."

குய்ரோங் ஓடிப்போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். கதவில் முதுகைச் சாய்த்து, கால்களை ஊன்றி நின்றாள். மரப்பலகை வழியாக, பின்கழுத்தில், சோற்றின் வெதுவெதுப்பு வந்து பட்டது.

வெளியே யின்ஜூ தட்டினாள்.

உள்ளேயிருந்தும் தட்டினார்கள்.