பாட்டிலில் பெருகிய சாட்சி

“எம் புருசனை வெட்டிட்டு ஆட்டு ரத்தம்னு கதை வுடுறியா?” கண்ணகியின் குரல் பிளாக் முழுக்கக் கேட்டது.

“ஞாயித்துக்கிழமை நாலு வூடு கூறு போட்ட ஆடு அண்ணி. தலையும் தோலும் அந்தச் சாக்குலதான் வந்துச்சு. நீங்களும் ஒரு கூறு வாங்கினீங்களே,” என்றான் கொழுந்தன் சிங்காரவேல்.

“டெஸ்ட்டுல மனுச ரத்தம்னு வந்துருக்கே. ஆடு மனுசனாயிடுச்சா?”

அவள் கணவன், சிங்காரவேலின் அண்ணன் சுதாகரைக் காணாமல் நான்கு நாள். நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கம்மாபுரத்தில் கொடுத்த நிலத்துக்கு ஈடாக, அண்ணன் தம்பி இருவரில் ஒருவருக்குத்தான் பர்மனன்ட் வேலை. தம்பியின் சைக்கிள் ஷெட்டில் ரத்தச் சாக்கு. அதில் மனித எதிர்ப்பொருள், அதாவது நம் ரத்தத்தில் கிருமியோடு மல்லுக்கட்டும் புரதம், இருப்பதாக ஒரு தனியார் பரிசோதனைக்கூடம் எழுதிக்கொடுத்துவிட்டது. இன்ஸ்பெக்டர் கைது செய்ய வந்தேவிட்டார்.

சிங்காரவேல் எதிர்வீட்டு தாஜுன்னிசாவின் காலில் விழாத குறை. முப்பது வருடம் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். “அந்தச் சாக்கையும் ஒரு நாளும் குடுங்க சார்,” என்றார் அவர். இன்ஸ்பெக்டர் முனகிக்கொண்டே சம்மதித்தார். பக்கத்து வீட்டு மலர்விழி, யாரும் கேட்காமலேயே உதவியாளர் ஆனாள். எந்த வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை அறிந்தவளாயிற்றே.

சாக்கின் அழுகிய மடிப்பைக் கொஞ்சம் எடுத்து, கறிச்சாறு ஊற்றிய பாட்டிலில் போட்டார் தாஜுன்னிசா. மனித எதிர்ப்பொருள் இருந்தால் கோடு விழும் சோதனைப் பட்டையை அதில் நனைத்தார். மங்கலாக ஒரு கோடு. காய்ந்த மூலையில் சுரண்டிய ரத்தத்துக்குக் கோடே இல்லை. பாட்டிலை வெதுவெதுப்பாக மூடி வைத்தவர், ஜன்னல் வழியே கண்ணகியின் துணிக்கொடியைப் பார்த்தார்.

“மலரு, அந்தக் காக்கிச் சட்டையில சொட்டுற தண்ணி என்ன நெறம்?”

“கறுப்பு. அவர் காணாம போன மறுநாளே துவைச்ச சட்டைதான். சோப்புக்குக் கஞ்சத்தனம் பண்றாக்கா.”

மறுநாள் காலை எல்லாரும் அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அதே பாட்டிலில் புதுப் பட்டை. கோடு அடர்ந்து வந்தது.

“நேத்து மங்கல், இன்னிக்கு இப்படி. செத்தவன் ரத்தம் பாட்டிலுக்குள்ள பெருகுமா சார்? பெருகுறது கிருமி. சில கிருமி மேல இருக்கிற புரதம் அச்சு அசலா மனுசனோட எதிர்ப்பொருள் சாயல்ல இருக்கும். மூடின சாக்குல நாலு நாள் அழுகினதுல அது மண்டிடுச்சு. இந்தப் பட்டைக்கு ஆள் அடையாளம் தெரியலை. அழுகாம காய்ஞ்ச மூலையில அதே ரத்தந்தான். அங்க கோடு இல்லையே.”

“அப்ப எம் புருசன் எங்க?” என்றாள் கண்ணகி.

“அதை நீதாம்மா சொல்லணும். உன் வூட்டுல மைன்ஸுக்குப் போற ஆள் அவர் ஒருத்தர்தான். அவர் காணாம போன மறுநாளே நீ துவைச்ச சட்டையில நேத்து மறுபடி நிலக்கரித் தூசி எப்படி வந்துச்சு?”

கண்ணகியின் பார்வை துணிக்கொடிப் பக்கம் போனது.

“என்னைத் தூக்குல போட்டிருப்பாங்களே அண்ணி,” என்றான் சிங்காரவேல்.

“தெரியும்,” என்றாள் அவள், தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே. மலர்விழி தன் நாற்காலியை அவளிடமிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

சுதாகர் குள்ளஞ்சாவடியில் அகப்பட்டான். அடுத்தவனின் சுரங்க கேட் பாஸில் வேறொரு கான்ட்ராக்டரிடம் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். அழுக்குச் சட்டை மட்டும் துவைக்க மனைவியிடம் வந்திருக்கிறது. தம்பி சிறைக்குப் போனால் நிலத்துக்கான வேலை கண்ணகிக்கு வந்துவிடும் என்பது இருவரின் கணக்கு. வழக்கு முடிந்ததும் இருவரும் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். வேலை தம்பிக்குக் கிடைத்தது. குறிஞ்சிப்பாடியில் அபி என்ற பெண்ணைக் கட்டினான். கல்யாணத்துக்குக் கண்ணகி ஒரு புடவை அனுப்பியிருந்தாள். நல்ல புடவைதான், மலர்விழி தடவியே பார்த்தாள். அபி அதை இன்றுவரை கட்டவில்லை.