சாவி எங்கே, மாப்பிள்ளை?

ட்ரிங்... ட்ரிங்...!

ஒர்க்‌ஷாப் போனை எடுத்தாள் மெக்கானிக் அக்கா.

"அக்கா! அவரு வண்டியோட ஏதோ மேட்டடியில மணல் குவியல்ல பாய்ஞ்சுட்டாராம்! 'பிரேக் பிடிக்கல'ன்னு முனகிட்டே மயங்கிட்டாராம்! காலையில நீதானே பிரேக் பார்த்துக் குடுத்தே?"

தங்கையின் அலறலில் சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனர்கள் ஆடின!



காலையில் நடந்தது அக்காவின் கண்முன் ஓடியது. தங்கை மாப்பிள்ளையின் புது பைக். பிரேக்குக்குப் பம்ப் வைத்த ஏ.பி.எஸ். சாவியைப் போட்டால் பம்ப் 'ங்ஙீ...' என்று கத்தியபடி பிரேக் ஆயிலைச் சக்கரத்துக்குத் தள்ளும். மேலே புது ஆயில் ஊற்றும் புனல் காலியாகவே கூடாது. ஒரு காற்றுக் குமிழி உள்ளே போனாலும் பிரேக் பிடிக்காது, மறுபடி முதலிலிருந்து!

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை, "மீட்டிங் இருக்கு, சீக்கிரம்!" என்று விரட்ட...

ஒரு நொடி திரும்பினாள்.

புனல் காலியாச்சா... இல்லையா?

அவளுக்கே தெரியவில்லை!

ஆஸ்பத்திரி வராந்தா.

"எனக்காகப் பெத்த அம்மாவோட உறவையே வெட்டிவிட்ட மனுஷன்க்கா அவரு! நாலு வருஷமா அந்த வாசல் மிதிக்கல! அவரைப் போய்..."

தங்கை விம்மினாள். அக்கா இன்ஸ்பெக்டரிடம் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"விலங்கு போடுங்க சார். காத்து போயிருக்குமோன்னு சந்தேகம் வந்துச்சு. திரும்பச் செய்யாம வண்டியைக் குடுத்துட்டேன்."

"இருங்கம்மா! வண்டியைச் சோதிக்கணும். ஆனா சாவியைக் காணோம்."

அறுவை அறைக் கதவு திறந்தது. டாக்டர் தலையை நீட்டினார்.

"கால் எலும்புதான், உயிருக்குப் பயமில்லை. ஆனா இப்ப மயக்க ஊசி போட முடியாது. கழுத்து வரைக்கும் சாப்பிட்டிருக்காரு!"

"சாப்பாடா?" தங்கை விழித்தாள். "டயட்டுன்னு மத்தியானம் பச்சைத்தண்ணிதானே குடிப்பாரு!"

நர்ஸ் ஒரு பையை நீட்டினாள். பர்ஸ், வாட்ச்... சாவி!

"சிஸ்டர், இந்தச் சாவி எங்கே இருந்துச்சு?" அக்கா பாய்ந்தாள்.

"பட்டன் போட்ட பேன்ட் பாக்கெட்ல."

இன்ஸ்பெக்டர் சாவியோடு கான்ஸ்டபிளை விரட்டினார். சற்று நேரத்தில் போன்...

"சார், சாவி போட்டு பிரேக் லீவரைத் தொட்டதும் சக்கரம் பாறையாட்டம் நிக்குது!"

அக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது!

"சார், சாவியை எடுத்துட்டா பம்ப் செத்துடும். அப்புறம் அந்த வண்டியை நிறுத்த நாலு பயில்வான் பலம் வேணும். இந்த ஆளு சாவியைப் பாக்கெட்ல போட்டுட்டு மேட்டுலேர்ந்து சத்தமில்லாம உருண்டு வந்திருக்காரு! பழைய வண்டியில பழகின திருட்டுத்தனம்!"

"சத்தம் கேட்டா யாருக்குத் தெரிஞ்சிடும்னு பயம்?" இன்ஸ்பெக்டர் புருவத்தை உயர்த்தினார்.

"எந்த மேடு சார்?" தங்கையின் குரல் மாறியிருந்தது.

"தண்ணி டேங்க் மேடு. உச்சியில பச்சைக் கேட் போட்ட ஒரு வீடுதான்..."

"ஐயோ, சின்ன வீடா?" நர்ஸ் வாயைப் பொத்தினாள்.

"சின்ன வீடா இருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன் சிஸ்டர்!" தங்கை புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "அது அவங்க அம்மா வீடு! தினமும் போய் வக்கணையா முழுங்கிட்டு வந்து, எங்கிட்ட டயட்டா...?"

உள்ளே போன நர்ஸ் வெளியே ஓடி வந்தாள்.

"சார், பேஷன்ட் கண் முழிச்சுட்டாரு. ஆனா இன்னும் மயக்கமா இருக்கார்னே சொல்லச் சொல்லிக் காலைப் பிடிக்கிறாரு!"

இன்ஸ்பெக்டர் வாசலில் இரண்டு கான்ஸ்டபிள்களை நிறுத்தினார்.

நடந்த கொலை முயற்சிக்காக அல்ல...

நடக்கப் போவதற்காக!