ஹார்ட்லி துரையின் பித்தளைப் பெட்டி

ஸ்ரீவில்லிபுத்தூர் போலீஸ் ஸ்டேஷனுக்குள் ஹார்ட்லி துரை நுழைந்தபோது அவர் கையில் பளபளவென்று ஒரு பித்தளைப் பெட்டி இருந்தது. அந்தப் பளபளப்புதான் அவருடைய புகார்.

துரை பட்டம் விடுகிறவர். விளையாட்டுக்கு அல்ல. ஆள் உயரப் பட்டத்தில் இந்தப் பெட்டியைக் கட்டி ஏற்றி, மேலே எவ்வளவு சூடு, காற்றின் அழுத்தம் எவ்வளவு என்று அளக்கும் ஆராய்ச்சி. பெட்டிக்குள் ஒரு கடிகாரம். அது சுற்றும் உருளைமேல் விளக்குக் கரி பூசியிருக்கும். முள் அந்தக் கரியில் கிழிக்கும் கோடுதான் அளவு. திங்கட்கிழமை, அதுவரை எட்டாத உயரத்தில், கம்பி அறுந்து பட்டம் மேற்கே போய்விட்டது. புதன்கிழமை விடிந்தபோது பெட்டி மட்டும் பங்களா வாசலில் இருந்தது. கரியும் இல்லை, கோடும் இல்லை. கடிகாரம் நின்றிருந்தது, பல்சக்கரத்தில் அரிசி சிக்கியிருந்தது.

"கரியின் அருமை தெரிந்தவன் எனக்குப் பட்டம் ஏற்றித் தரும் மைதீன் பிச்சை ஒருவன்தான். போன வாரம் அவனை ஏசினேன்" என்றார் துரை.

இன்ஸ்பெக்டர் சமுத்திரம் கோர்ட்டு வேலையாகச் சாத்தூர் போயிருந்தார். தன் சாமர்த்தியத்தைக் காட்ட இதைவிட நல்ல நாள் வராது என்று நினைத்தார் கான்ஸ்டபிள் பொன்னுராஜ். அரிசியைப் போட்டுக் கடிகாரத்தை நிறுத்தியிருக்கிறான், கரியைத் துடைத்திருக்கிறான், வேறென்ன வேண்டும்? மைதீன் பிச்சையைப் பிடித்துவந்து விரல்களில் லத்தியால் விசாரித்தார். சோறு கொண்டுவந்த மைதீனின் மனைவி ரஹ்மத் பீவியின் தூக்குவாளியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு அவளையும் விரட்டினார்.

மறுநாள் வந்த சமுத்திரம் பெட்டியை மோந்து பார்த்தார்.

"என்ன வாசம்லே?"

"புளி வாசம், ஐயா."

"கரியை அழிக்க ஒரு விரல் போதுமே. மூலைமுடுக்கெல்லாம் புளி போட்டு வெளக்கணுமா? கெடுக்க வந்தவன் இம்புட்டுப் பாடுபடுவானா?"

"அப்போ அரிசி, ஐயா?"

"அடுத்த வீட்டு ஏனத்தைத் திருப்பிக் குடுக்கையில உங்க வீட்ல வெறுமனேயா குடுப்பாக?"

ஒரு கை அரிசியோ பருப்போ போடாமல் பொன்னுராஜின் அம்மா யார் பாத்திரத்தையும் திருப்பித் தந்ததில்லை.

"கரியோட அருமை மைதீனுக்குத் தெரியும்னு தொரை சொல்றாரு. வாஸ்தவம். தெரியாதவுகதாம்லே அதை வெளக்குவாக."

பட்டம் போன மேற்கே தேடிப் போனதில், மம்சாபுரத்தில் ஒரு பனையில் பட்டத்துணி தொங்கியது. பக்கத்து வீட்டு வெள்ளத்தாய் கேட்டதும் ஒப்புக்கொண்டாள்.

"நான்தான் பங்களா வாசல்ல வச்சேன். தொரை பட்டம்னு ஊருக்கே தெரியுமே. உள்ள ஒரே கரி. அப்பிடியேவா குடுக்கிறது? பிள்ளைக்குக் கஞ்சி வைக்க இருந்த அரிசியில ஒரு கை போட்டேன்." பிறகு பயந்துபோய்க் கேட்டாள்: "கொறைச்சலாப் போச்சா, ஐயா?"

"இல்ல தாயி" என்றார் சமுத்திரம்.

துரை தலையில் கைவைத்து உட்கார்ந்தார். போன கோடு போனதுதான். ஆனாலும் புகாரைத் திரும்பப் பெற்றார். மைதீன் பிச்சை வீடு திரும்பினார்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று பொன்னுராஜை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. தூக்குவாளியைத் தாமே புளி போட்டு விளக்கி, நிறைய அரிசி போட்டு எடுத்துப் போனார்.

ரஹ்மத் பீவி மூடியைத் திறந்து பார்த்தாள்.

"கையை நீட்டுங்க."

நீட்டினார். அரிசி முழுவதையும் அதில் கொட்டினாள். கொள்ளாதது தரையில் சிந்தியது.

"ஏனம் போதும். அவுகளுக்கு விரல் மடங்க மாட்டேங்குது. நான்தான் ஊட்டி விடுறேன்."

கதவு சாத்திக்கொண்டது. பொன்னுராஜின் இரண்டு கையிலும் அரிசி. கண்ணைத் துடைக்கக்கூட அவருக்குக் கை இல்லை.