ஒரே ஒரு பெட்டி தென்கரை மீன்

“யாரைக் கேட்டுய்யா என் மீன் வாலை வெட்டுன?”

ஏலம் விடுபவளின் குரலுக்குத் துறைமுகமே திரும்பியது. கத்தரியும் கையுமாக நின்ற ஆராய்ச்சிக்காரன் நிமிர்ந்தான். அவள் கண்களைப் பார்த்தவன்... மீனையே மறந்துபோனான்.

“நுனியில கொஞ்சூண்டுதாங்க. மரபணு பார்க்க. வடகரைக் கொடுவா மீனும் தென்கரைக் கொடுவா மீனும் ஒரே வம்சமான்னு தெரியணும்.”

“தெரிஞ்சு? பொண்ணு குடுத்து பொண்ணு எடுக்கப் போறீங்களா?”

சுற்றிலும் சிரிப்பு. காது சிவக்க அவன் விளக்கினான். தென்கரையில் மீன் அருகிவிட்டது. இரண்டும் ஒரே வம்சம் என்றால் இரு கரைக்கும் மீன்பிடித் தடை. வேறு என்றால் வடகரை தப்பும்.

அவள் அப்பாவின் படகும் வடகரைதான். அன்று முதல் அவளே பெட்டிகளைத் திறந்து காட்டினாள். அவனும் மழை என்றும் பாராமல் தினமும் வந்தான்...

தடையை முடிவு செய்யும் கூட்டத்துக்கு முதல் நாள் முகம் வாடி வந்தான்.

“எல்லாப் பெட்டியும் தனி வம்சம். ஒண்ணு மட்டும் அப்படியே தென்கரை மீன். இப்படிக் கலந்திருந்தா தடைதான்.”

“யார் பெட்டி?”

“உங்க அப்பாவோடது.”

அவளுக்குப் பகீரென்றது. வெறுங்கையோடு கரையேறியதே இல்லை என்று மார்தட்டும் மனிதர் அப்பா. வலை ஏமாற்றிய ஒருநாள், தென்கரையில் வாங்கிய மீனைத் தன் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தார். அவளுக்கு மட்டும் தெரியும்.

“அந்தப் பெட்டியை விட்டுடுங்களேன்...”

“காரணம் இல்லாம விட்டா அது பித்தலாட்டங்க.”

“சரியான கல்லுளிமங்கன்,” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். கோபம் அவன் மேலா, அப்பா மேலா... அவளுக்கே புரியவில்லை.

மறுநாள் கூட்டத்தில் மீன்வள அதிகாரி அந்தப் பெட்டியின் முடிவைச் சுட்டிக்காட்டி உதட்டைப் பிதுக்கினார். ஒரு பெட்டிக்காகக் கரை முழுக்கப் பட்டினி கிடக்கணுமா? உண்மையைச் சொல்லிவிட அவள் எழுந்தாள்.

“நீ உட்காரும்மா.” அப்பா எழுந்திருந்தார். “அது நான் பிடிச்ச மீன் இல்லை சார். தென்கரையில விலைக்கு வாங்கினது.”

யாரோ கைதட்ட, கூரையே அதிர்ந்தது. பெட்டியை நீக்கிவிட்டுப் பார்த்தார்கள். வடகரைக் கொடுவா தனி வம்சமேதான்! தென்கரைக்கு மட்டும், நிவாரணத்தோடு, தடை. அப்பாவைத் தோளில் தூக்காத குறை.

வெளியே மழை. அவன் தயங்கித் தயங்கி வந்தான்.

“நானும் ஒண்ணு ஒத்துக்கணும். வேண்டிய வாலெல்லாம் முதல் வாரமே கிடைச்சிடுச்சு. அப்புறம் வந்ததெல்லாம்... உங்களைப் பார்க்க. எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு.”

அவள் இமைகளில் மழைத்துளி நடுங்கியது. மனசெல்லாம் குதியாட்டம்...

“நீங்க வர்ற வரைக்கும் நான் ஏலத்தையே இழுத்தடிச்சேனே, அது தெரியுமா உங்களுக்கு?”

அவன் நனைந்துகொண்டே திருதிருவென்று விழித்தான்.

“இங்க என்ன பார்வை? அப்பா உள்ளதான் இருக்காரு. இப்பவே போய்க் கேளுங்க... இன்னைக்கு அவர் எதையும் ஒத்துக்கிற மனசோட இருக்காரு.”