இரண்டு புள்ளி எட்டு மில்லிமீட்டர்

காலை 8.10. பேருந்து ஓட்டுநர் இரத்தப்போக்கோடு வார்டில் கிடந்தார். ஐந்து வாரத்துக்கு முந்தைய ஸ்கேன் அறிக்கையோ அவர் நலமாக இருப்பதாகச் சொன்னது. குடல் சுவர் 2.8 மில்லிமீட்டர், மூன்றைத் தாண்டாவிட்டால் அழற்சி இல்லை. அதை நம்பித்தான் குடல் மருத்துவர் மாத்திரையைப் பாதியாக்கினார். இன்று அதே சுவர் ஆறு.

"மிச்ச பாதியையும் முழுங்காம விட்டிருப்பார்," என்றார் குடல் மருத்துவர். ஓட்டுநரின் மனைவிக்கும் அதே சந்தேகம். இரத்தம் போகத் தொடங்கிய ஐந்து நாளாகக் கணவரோடு பேச்சே இல்லை.

அன்று ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா, துறையில் எல்லோருக்கும் 'மில்லிமீட்டர்', தானே விசாரணையில் இறங்கினார். ஊரார் வயிற்றில் குறை கண்டே பழகியவருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

8.40. "ஒரு வேளையாவது விட்டீங்களா?"

"சத்தியமா இல்ல, டாக்டர்."

"மாத்திரை அட்டை காலிதான்," என்றார் மனைவி, சுவரைப் பார்த்து. "வாஷ்பேசினுக்கும் வாய் இருக்கே."

"ஸ்கேன் எடுத்த அன்னைக்கு வலி இருந்துச்சா?"

"இருந்துச்சே. குடல்ல காத்து மறைக்குதுன்னு நீங்க அழுத்தின அழுத்துல, வயிறு முதுகைத் தொட்டுட்டு வந்துச்சு."

மனைவி சிரிக்கவில்லை.

9.15. ஸ்கேன் அறை. இரண்டு நாள் படங்களும் அருகருகே. எல்லோரும் குடலையே பார்த்திருந்தார்கள். டாக்டரம்மா அதற்கு மேலே இருந்த வயிற்றுத் தசையை அளந்தார். இன்று பன்னிரண்டு மில்லிமீட்டர். அன்று ஏழு. நோயில் இளைத்த மனிதருக்குத் தசை மட்டும் கொழுக்குமா? இரத்த ஓட்டத்தைக் காட்டும் வண்ணப்புள்ளி அன்றைய படத்தில் ஒன்றுகூட இல்லை.

காற்றை ஒதுக்கக் கருவியை அழுத்தலாம். அளக்கும்போது கையைத் தளர்த்தியாக வேண்டும். புதிதாக வருபவர்களுக்கு இதைத் தொண்டை வற்றச் சொல்பவரே அவர்தான். வெளியே ஆறு பேர் காத்திருந்த அந்தக் காலையில் தளர்த்தாமலே அளந்திருந்தார். நசுங்கிய சுவர் ஒல்லியாகத் தெரிந்தது, இரத்தமும் ஒதுங்கிவிட்டது.

குற்றவாளியைத் தேடி வந்தவரின் கையெழுத்தே அறிக்கையின் அடியில் இருந்தது. படத்தை மூடிவிட்டால் பழி ஓட்டுநர் தலையிலேயே சௌகரியமாகக் குடியிருக்கும். அப்படி ஒரு நிமிடம் நினைத்தார். அந்த நிமிடத்துக்காக அவருக்குத் தன்னையே பிடிக்கவில்லை.

9.40. திருத்திய அறிக்கையைக் குடல் மருத்துவரிடம் கொடுத்துவிட்டு வார்டுக்கு வந்தார்.

"உங்க வீட்டுக்காரர் ஏமாத்தலம்மா. அன்னைக்கு நான் அழுத்திப் பிடிச்சபடியே அளந்துட்டேன். அதனாலதான் மருந்து குறைஞ்சுது. தப்பு என்னோடது."

மனைவி நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்தார்.

"தண்ணி வேணுமாங்க?" என்றார் கணவரிடம்.

அவர் தலையசைத்தார்.

"உங்களை மன்னிக்கிறதை அப்புறம் பாக்கலாம், டாக்டரம்மா," என்றார் மனைவி, டம்ளரை நிரப்பியபடி. "இப்ப உக்காந்து, இவருக்கு இனி என்ன ஆகும்னு எதையும் மறைக்காம சொல்லுங்க."