தலைக்குப் பத்தேகால்

தம்பி ஜெர்சன் கையப் புடிச்சி இழுத்துக்கினு ஓடியாந்து, கதவத் தாப்பா போட்டு, அதுலயே சாஞ்சி நின்னப்பதான் ஃபீபிக்கு உறைச்சிது. ஊரே கரண்ட் போயி இருட்டிக் கெடக்குது. அந்தப் போர்டு மட்டும் எப்பிடி எரிஞ்சிது?

ஆம்பூர் பஜார் முனையில வியாபாரிங்க சங்கம் போன மாசம் வச்ச போர்டு அது. மேல நாட்டோட மொத்தக் கடன் நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறிக்கினே இருக்கும். கீழ 'தலைக்கு'ன்னு ஆளுக்கு எத்தினி ரூபான்னு ஓடும். செஞ்சது அவ அப்பா டைட்டஸ்தான், தோல் கம்பெனி எலக்ட்ரீசியன். சங்கம் குடுத்த துட்டு பத்தலன்னு, கம்பெனியில கழிச்சிப் போட்ட தோல் அளக்குற மிஷின்லருந்து செவப்பு நம்பருங்களக் கழட்டி மாட்டிட்டாரு. "தோலா கடனான்னு அதுக்கு இன்னா பாப்பா தெரியப்போவுது?"ன்னு சிரிச்சாரு.

இன்னிக்கி டியூஷன் உட்டு வரசொல்ல கரண்ட் போச்சு. தோல் நாத்தமும் பிரியாணி தம்மு வாசனையும் ஒன்னாக் கலந்து மூக்குல ஏற, கடைங்களோட ஜெனரேட்டர் எரைச்சலுக்கு அடியில இன்னொரு சத்தம், மிஷின் உருளையில தோலு நுழையிறப்ப வர்ற அதே கடகட, ஜெர்சன் தலைக்கு நேர் மேல, அந்தப் போர்டுலருந்து வந்துச்சி.

"அக்கா, கடன் கம்மியாயிட்சி பாரேன்!"

'தலைக்கு' வரியில 10.25.

அவன் நகுந்தான். அணைஞ்சிது. கறிக்கட வாஹித் பாஷா பாய் சைக்கிள்ல அடியில போனாரு. 19.50. தம்பிய இழுக்க இவ ஓடுனா. 15.75.

ஆட்டுத்தோலு நாலு, அஞ்சு சதுர அடி. மாட்டுத்தோலுன்னா இருவது, முப்பது. அப்பாவுக்கு சோறு எடுத்துக்கினு போறப்பல்லாம் அந்த மிஷின்ல பாத்திருக்கா. இது ரூபா இல்ல.

"முதுவு அரிக்குதுக்கா."

அம்மா ஷூ கம்பெனியில ஓவர்டைம். அப்பா இன்னும் வரல. மெழுகுவத்தி ஏத்தி, சட்டையத் தூக்கிப் பாத்தா. ஒன்னுமில்ல. தடிப்பு இல்ல, கீறல் இல்ல.

"ஒன்னுமில்லடா."

"அங்க இல்ல. உள்ள."

கம்பெனியில அளந்ததும் தோலப் பொரட்டிப் போடுவாங்க. மேல்பக்கம் கெட்டுடக் கூடாதுன்னு, அளவு நம்பர சதைப் பக்கத்துலதான் எழுதுவாங்க. சாக்பீஸால. அழுத்தி.

முதுவுல உள்ளங்கைய வச்சா.

தோலுக்கு அந்தாண்ட ஏதோ ஊர்ந்துது. நேரா ஒரு கோடு. நின்னுது. அப்புறம் ஒரு வட்டம்.

ஒரு புள்ளி.

"ஏசப்பா..."

இப்ப இவ முதுவுலயும். நேரா. ஒரு கோடு.

ஜெர்சன் திரும்பவேயில்ல. சட்டைய இன்னும் மேல தூக்கிக் காட்டிக்கினு நின்னான்.

"இன்னாக்கா எழுதியிருக்குது? பொரட்டிப் பாத்தாதான் தெரியுமா?"